காக்ஸ்டனின் ஈய எழுத்துகளும் வியாபாரக் கணக்கும்

ஆங்கிலத்தில் அச்சான முதல் புத்தகம் இங்கிலாந்தில் அச்சாகவில்லை. 1473–74 வாக்கில், கடலுக்கு அந்தப் பக்கம், இன்றைய பெல்ஜியத்தை ஒட்டிய ஃபிளாண்டர்ஸில் அச்சானது. ட்ராய் நகரக் கதைகளைச் சொல்லும் அந்தப் பிரெஞ்சு நூலை மொழிபெயர்த்தவரும் அச்சிட்டவரும் ஒருவரே: வில்லியம் காக்ஸ்டன்.

அவர் அப்போது ஐம்பது வயதை ஒட்டியவர், தொழிலோ துணி வியாபாரம். 1438இல் லண்டனில் ராபர்ட் லார்ஜ் என்ற பெரிய வியாபாரியிடம் தொழில் பழகச் சேர்ந்து, பிறகு ஃபிளாண்டர்ஸின் ப்ரூஜ் நகரில் ஆங்கிலேய வணிகர்களுக்கே தலைவராக இருந்தவர். மொழிபெயர்ப்புக்குப் பிரதி கேட்டவர்கள் பலர். எழுதி எழுதிப் பேனா தேய்ந்து, கை ஓய்ந்து, கண்ணும் மங்கியதால் தன் கைக்காசைப் போட்டு அச்சுத்தொழில் கற்றதாக அந்தப் புத்தகத்தின் முடிவிலேயே சொல்கிறார். கற்ற இடம் ஜெர்மனியின் கொலோன். 1476இல் ஊர் திரும்பி, வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தை ஒட்டிக் கடை போட்டார்.

கடையின் உயிர் ஈய எழுத்துதான். எஃகுத் துண்டின் முனையில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றிச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்குவார்கள். அந்தப் பள்ளத்தைச் சிறு கையச்சின் அடியில் பொருத்தி, உருக்கிய உலோகத்தை ஊற்றினால் ஓர் எழுத்து வந்துவிடும். வெறும் ஈயம் மென்மையானது, சீக்கிரமே நசுங்கிவிடும். அதனால் வெள்ளீயமும், ஆண்டிமனி என்ற நொறுங்கும் தன்மையுள்ள உலோகமும் சேர்ப்பார்கள். ஆண்டிமனி கடினம் தரும். ஆறும்போது உலோகம் அதிகம் சுருங்காமலும் பார்த்துக்கொள்ளும். சுருங்கினால் எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும் அல்லவா?

எழுத்துகளை வரிவரியாகக் கோர்ப்பதும் லேசான வேலை இல்லை. காக்ஸ்டனின் ஆரம்பகாலப் புத்தகங்களைப் பார்த்தால் வலது ஓரம் கோணல்மாணலாக இருக்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளித் துண்டுகளைக் கூட்டிக் குறைத்து வரிகளைச் சமப்படுத்தும் பழக்கம் அவரிடம் 1480 வாக்கில்தான் வந்தது.

மையும் வேறு. பேனாவுக்கான நீர்த்த மை உலோகத்தில் ஒட்டாமல் திட்டுத்திட்டாகத் திரண்டுவிடும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் புகைக்கரியைக் குழைத்த பிசுபிசுப்பான மைதான் சரிப்படும். அதைத் தோல் பந்தால் எழுத்துகள் மேல் ஒற்றி, ஈரப்படுத்திய தாளை வைத்து, திருகு மரப்பொறியால் அழுத்துவார்கள். ஈரத்தில் இளகிய தாள் எழுத்தோடு நன்றாகப் பொருந்தும்.

இங்கேதான் வியாபாரம் நுழைகிறது. எழுத்துகள் கையிருப்பில் கொஞ்சம்தான். ஒரு பக்கத்தை அடித்து முடித்ததும் பிரித்து அறைகளில் போட்டால்தான் அடுத்தடுத்த பக்கங்களைக் கோர்க்க முடியும். ஆக, எத்தனை பிரதி என்பதை முதல் பக்கம் அடிக்கும்போதே முடிவுசெய்தாக வேண்டும். கையால் எழுதுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. ஆர்டர் வந்தபின் எழுதலாம். அச்சுக்காரரோ ஒரு புத்தகமும் விற்காத நிலையில் காகிதத்துக்குப் பணம் கட்டியிருப்பார். அதுவும் வெளிநாட்டுக் காகிதம். காக்ஸ்டன் காலத்தில் இங்கிலாந்தில் காகித ஆலையே கிடையாது. என் கணிப்பில், கைவினைஞரைவிடச் சரக்கு வாங்கி விற்றுப் பழகியவருக்கே இந்தத் தொழில் பொருந்தும்.

விளம்பரமும் செய்தார். பாதிரியார்களுக்கான வழிபாட்டுக் கையேடு மலிவாகக் கிடைக்கும், வெஸ்ட்மின்ஸ்டரில் ‘ரெட் பேல்’ கடைக்கு வாருங்கள் என்று 1477 வாக்கில் உள்ளங்கை அகலத் தாளில் அச்சிட்டு ஒட்டினார். கீழே லத்தீனில் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து கிழிக்காதீர்கள். அந்தத் தாளில் இரண்டு பிரதிகள் இன்னும் இருக்கின்றன.

வாடிக்கையாளர் சொல்லையும் தட்டவில்லை. அவர் அச்சிட்ட, ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளைப் படித்த ஒருவர், தன் தந்தையிடம் உள்ள கையெழுத்துப் பிரதியிலிருந்து இது மாறுபடுகிறதே என்று குறை சொன்னார். காக்ஸ்டன் அந்தப் பிரதியை வாங்கிப் பார்த்துத் திருத்தி, 1483 வாக்கில் மறுபடியும் அச்சிட்டார்.

அதே சமயத்தில் புனிதர்களின் வரலாறுகள் அடங்கிய பெரிய நூல் ஒன்றில் மாட்டிக்கொண்டு, பாதியில் விட்டுவிடலாமா என்ற நிலைக்கு வந்தார். ஆருண்டெல் பிரபு கைகொடுத்தார்: கணிசமான பிரதிகளை வாங்கிக்கொள்கிறேன், அதோடு ஆண்டுதோறும் கோடையில் ஓர் ஆண்மான், குளிர்காலத்தில் ஒரு பெண்மான். நூல் 1483இல் அச்சேறியது.