குழுவிலிருந்து விலக்கப்பட்ட பெண்

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், 19 வயதுப் பெண் ஒருவரை மூச்சு வாங்கிய நிலையில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். எட்டு ஆண்டுகளாக டைப் 1 சர்க்கரை நோயோடு, அதாவது உடலில் இன்சுலின் போதிய அளவு சுரக்காததால் தினமும் ஊசியாகப் போட்டே ஆக வேண்டிய நோயோடு வாழ்பவர். ஒரு வேளை ஊசியைக்கூடத் தவறவிடாதவர். சர்க்கரை 500ஐத் தாண்டியிருந்தது, ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது. தீவிர சிகிச்சையில் இரண்டு நாட்கள் கழித்து அவர் வாய் திறந்து பேசியபோதுதான் காரணம் புரிந்தது. வரன் பார்க்கத் தொடங்கியிருந்த வீட்டார், நோய் இருக்கும் விஷயம் வெளியே போய்விடும் என்று அஞ்சி, அவர் மூன்று ஆண்டுகளாகப் பேசிப் பழகிவந்த டைப் 1 வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவரை விலகச் செய்து, கைபேசியையும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் பிறகு உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போன இடத்தில், யார் கண்ணிலும் படாமல் ஊசி போட வழி தெரியாமல், இரண்டு நாட்கள் இன்சுலினையே விட்டுவிட்டிருக்கிறார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் இந்த ஆண்டில் இதே காரணத்தால் என்னிடம் வந்த மூன்றாவது பெண் இவர் என்பதை மாற்றவில்லை.

“முகம் தெரியாதவர்களோடு என்ன சிநேகம் டாக்டர்? யாரோ எவரோ” என்று அவருடைய தந்தை கேட்டார். இந்தக் கேள்வி பலமுறை என் காதில் விழுந்துவிட்டது, ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் பதறுகிறது. சொந்தபந்தம் நிறைந்த வீட்டில் அந்தப் பெண்ணின் நோயைப் பற்றி வாய்விட்டுப் பேச எத்தனை பேர் இருந்தார்கள்? பெரியம்மாவுக்குத் தெரியாது, சித்தப்பாவுக்குச் சொல்லக்கூடாது, பாட்டியிடம் சொன்னால் அழுவார். தெரிந்த அம்மாவும் அப்பாவும்கூட, “இனிப்பு சாப்பிட்டாயா” என்பதைத் தாண்டி எதையும் கேட்டதில்லை. சர்க்கரை குறைந்து உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும் அந்தப் பத்து நிமிடங்கள் எப்படி இருக்கும் என்று அனுபவித்த ஒருவர், நமது ஊர்களில் அடுத்த தெருவில் இருப்பது அரிது. இருந்தாலும் அவரும் மறைத்துக்கொண்டுதான் இருப்பார். இரவு இரண்டு மணிக்குக் குழுவில் “சர்க்கரை 54 காட்டுகிறது, பயமாக இருக்கிறது” என்று எழுதினால், “மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடி, 15 நிமிடம் கழித்து மறுபடி பார், நான் விழித்திருக்கிறேன்” என்று பதில் எழுதுகிற அக்கா ஒருவர் அபுதாபியிலோ ஆம்பூரிலோ இருக்கிறார் என்றால், அவர் முகம் தெரியாதவர் என்பது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. என் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு நான் ஒதுக்க முடிவது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் அளவைத் திருத்தலாம். பேருந்தில் எப்படி ஊசி போடுவது, பெண் பார்க்க வருபவர்களிடம் எப்போது சொல்வது, தோழிகள் கேலி செய்தால் என்ன பதில் சொல்வது என்பதெல்லாம் அங்கே எழுவதே இல்லை.

இத்தகைய நட்பு வெறும் ஆறுதலோடு நிற்பதும் இல்லை. 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் காஸ்டிக் என்ற தந்தை, தன் சிறு மகனின் சர்க்கரைக் கண்காணிப்புக் கருவி காட்டும் அளவை அலுவலகத்திலிருந்தே பார்ப்பதற்கு ஒரு நிரலை எழுதினார். ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத பெற்றோர்கள் இணையத்தில் கூடி அதை வளர்த்தெடுத்து ‘நைட்ஸ்கௌட்’ என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். நம்மிடமே உதாரணம் உண்டு. டைப் 1 மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம் போன்றவற்றை எடுத்துச் செல்லலாம் என்று சிபிஎஸ்இ 2017ஆம் ஆண்டிலேயே அனுமதித்துவிட்டது. என்னிடம் வரும் பெற்றோரில் பலர் இதை என்னிடமிருந்து அறியவில்லை, குழுவில் இன்னொரு தாய் சொல்லித்தான் அறிந்தார்கள்.

குழுவில் ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. பெற்றோரே, நீங்கள் அஞ்சும் இடத்தில்தான் அது இல்லை. பொதுவில் ஒன்றும் பேசாமல், தனிச் செய்தியில் வந்து “ஊசியே வேண்டாம், எங்கள் சூரணத்தில் என் மகனுக்குக் குணமாகிவிட்டது” என்பவரைத்தான் நீங்கள் அஞ்ச வேண்டும். நோய் கண்டறிந்து இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களில் மிஞ்சியிருப்பவை சிறிது காலம் தெளிந்து வேலை செய்யும்; இன்சுலின் தேவை தானாகவே குறையும். நாங்கள் இதைத் தேனிலவுக் காலம் என்போம். அது நிச்சயம் முடிந்துபோகும். அந்த நேரத்தில் எந்தப் பொடியைக் கொடுத்தாலும் வேலை செய்வதுபோலத்தான் தோன்றும், அதை நம்பி ஊசியை நிறுத்திய குழந்தைகளை நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்த்திருக்கிறேன். டைப் 1 நோயில் இன்சுலினை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் உடனே தடை செய்யுங்கள், குழு நிர்வாகியிடமும் சொல்லுங்கள்.

அன்பினாலும் தவறு நேரும். நம் ஊர்க் குப்பிகளில் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் இன்சுலின் இருக்கும்; பேனாக்களிலும் வெளிநாட்டுக் குப்பிகளிலும் வழக்கமாக 100 யூனிட். வெளிநாட்டிலிருக்கும் நண்பர் பாசத்தோடு கொடுத்தனுப்பும் குப்பியை, 40க்கு உரிய சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால், உடலுக்குள் போவது இரண்டரை மடங்கு. எனவே குழுவில் அனுபவத்தைக் கேளுங்கள், அளவைக் கேட்காதீர்கள். மருந்துச் சீட்டைப் படமெடுத்துப் போடாதீர்கள். அதில் பெயரும் முகவரியும் இருக்கின்றன. வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வாங்கும் மூச்சு, மூச்சில் பழவாடை இருந்தால் அங்கே எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அந்தப் பெண் குழுவில் தினமும் காலையில் தன் சர்க்கரை அளவை எழுதும் வழக்கம் உடையவர். அது நின்ற மூன்றாம் நாள், குழுவில் இருந்த ஒரு தோழி கவலைப்பட்டு அழைத்திருக்கிறார். கைபேசி தந்தையிடம் இருந்தது. நான்கு முறை அழைப்பு வந்தது, தெரியாத எண் என்று தடை செய்துவிட்டேன் என்று அவரே என்னிடம் சொன்னார், தலை குனிந்தபடி. குழுக்களில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாள்தோறும் எழுதுகிறவர் திடீரென்று மௌனமானால் இப்படித்தான் விசாரியுங்கள், ஒருமுறை எடுக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள். பெற்றோரே, அந்த அழைப்பை மட்டும் தயவுசெய்து எடுத்துப் பேசுங்கள்.