பழைய ஆன்டெனா, புது டிவி, நடுவில் ஒரு குட்டி டப்பா

கூரை மேல் நிற்கும் பழைய ஆன்டெனா புது டிவிக்கு ஆகாது என்று பலரும் அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஆன்டெனாவுக்கு அனலாக், டிஜிட்டல் என்ற பேதமே தெரியாது. தன் குழாய்களின் நீளத்துக்குப் பொருந்தும் அலைவரிசையில் எது வந்தாலும் பிடித்துக் கீழே அனுப்பும். தகராறு ஒயரில்தான்.

பழைய ஒயர் பட்டையாக இருக்கும். பிளாஸ்டிக் நாடாவின் இரு ஓரங்களிலும் இரண்டு கம்பிகள். இதன் மின்மறுப்பு 300 ஓம். மல்டிமீட்டர் வைத்தால் இந்த எண் வராது, ஏனென்றால் இது கம்பியின் நீளத்தைப் பொறுத்ததல்ல; அலை ஓடும்போது மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம், கம்பிகளின் தடிமனும் இடைவெளியும் நடுவிலுள்ள பிளாஸ்டிக்கும் சேர்ந்து முடிவு செய்வது. புது டிவியின் துளையோ 75 ஓம். நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் வலைப்பின்னல் கொண்ட உருண்டை கேபிளுக்காகச் செய்தது.

இரண்டையும் அப்படியே முறுக்கி இணைத்தால் என்ன ஆகும்? கணக்குப்படி சிக்னலின் சக்தியில் 36 சதவீதம் வந்த வழியே திரும்பிவிடும். மீதி 64 சதவீதம் உள்ளே போகிறதே என்றால், போகிறதுதான், நல்ல சிக்னல் உள்ள இடத்தில் படமும் தெரியலாம். என்னைக் கேட்டால் இழப்பை விடப் பெரிய தொல்லை வேறு. பட்டை ஒயரின் இரண்டு கம்பிகளும் சமமாக, எதிரெதிராக வேலை செய்தால்தான் வெளி இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். ஒன்றை வலைப்பின்னலோடு கட்டிவிட்டால் அந்தச் சமநிலை கெட்டு, ஒயரே ஒரு ஆன்டெனாவாக மாறி, மிக்ஸி மோட்டார், மலிவான எல்.இ.டி. பல்பு எல்லாவற்றின் இரைச்சலையும் வாரிக்கொண்டு வரும். அனலாக்கில் இது திரையில் புள்ளிகளாகத் தெரியும். டிஜிட்டலில் ஓரளவுவரை ஒன்றுமே தெரியாது, எல்லை தாண்டியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடும்.

இதற்கு மருந்து பேலன் என்ற குட்டி டப்பா. ஒரு பக்கம் இரண்டு திருகுகள், மறுபக்கம் உருண்டை கேபிளுக்கான இணைப்பு. உடைத்துப் பார்த்தால் ஃபெரைட் என்ற காந்தப் பொருளில் செய்த, இரண்டு துளையுள்ள கறுப்புத் துண்டும், அதில் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கும். சுற்றுகளின் விகிதம் 2:1 என்றால் மின்னழுத்தம் பாதியாகும், மின்னோட்டம் இரட்டிப்பாகும். ஆக மின்மறுப்பு நாலில் ஒன்று, 300 போய் 75. சமநிலையையும் அதுவே காப்பாற்றிக்கொள்ளும். கரண்ட் எதுவும் வேண்டாம்.

எங்கே மாட்டுவது? முடிந்தால் மேலே, ஆன்டெனாவிலேயே. அங்கிருந்து டிவி வரை ஆர்.ஜி.6 என்ற 75 ஓம் உருண்டை கேபிளைப் புதிதாக இழுத்துவிடலாம். வெயிலில் வெடித்து மழையில் ஊறிய பட்டை ஒயர் சிக்னலை ஏகத்துக்கும் விழுங்கும். அது நன்றாக இருந்தால் மட்டும் விட்டுவைத்து, பேலனை டிவி பக்கம் மாட்டுங்கள், ஒயரை இரும்புக் கம்பத்தோடு ஒட்டிக் கட்டாமல். அப்புறம் கேபிளைச் சீவும்போது வலைப்பின்னலின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது, தொட்டால் சிக்னல் அங்கேயே செத்தது. மேலே சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் இருந்தால், அதற்கும் அதன் பவர் சப்ளைக்கும் நடுவில் பேலனைப் போடாதீர்கள். கேபிள் வழியே மேலே போகிற டி.சி. மின்சாரம் சாதாரண பேலனில் ஷார்ட் ஆகிவிடும்.

இவ்வளவு செய்தும் சேனல் வரவில்லையா? ஒளிபரப்பு அலைநீளம் குறைந்த யு.எச்.எஃப். அலைவரிசையில் நடக்க, ஆன்டெனா நீளக் குழாய்கள் மட்டும் கொண்ட, அலைநீளம் கூடிய வி.எச்.எஃப். அலைவரிசைக்கான வகையாக இருக்கலாம். இல்லையென்றால் டிவிக்குள் சேனலைப் பிரித்தெடுக்கும் ட்யூனருக்கு அந்த டிஜிட்டல் முறை புரியாமல் இருக்கலாம், அதற்கு செட்-டாப் பாக்ஸ்தான் வழி.