ஹிட்லர் எலக்‌ஷன்ல ஜெயிச்சா வந்தான்? 48ஆம் பிரிவோட கதை

"மக்கள் ஓட்டு போட்டுதானே ஹிட்லர் வந்தான், அப்ப ஜனநாயகத்து மேலதானே தப்பு"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தாரு. பாதிதான் சரி. நேர்மையா நடந்த எந்த எலக்‌ஷன்லயும் நாஜி கட்சிக்கு தனி மெஜாரிட்டி கிடைக்கவே இல்ல. 1928ல 2.6 சதவீதம், 1932 ஜூலைல 37.3, அதே வருஷம் நவம்பர்ல 33.1ன்னு இறங்கியே போச்சு, ஆனா அடுத்த மூணு மாசத்துக்குள்ள அவன் சான்சலர், அதாவது நம்ம பிரதமர் மாதிரி ஆட்சித் தலைவர்.

போர்ல தோத்தது, வெர்சாய் ஒப்பந்தம், 1923 பணவீக்கம், 1932ல அறுபது லட்சம் பேர் வேலை இல்லாம நின்னது எல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க, அதை விட்டுருவோம். அமெரிக்காவுலயும் அப்ப ஒரு கோடி பேருக்கு மேல வேலை இல்ல, அங்க சர்வாதிகாரி வரலயே. சில பேர் அவன் ஜாதகம் அப்படி, கண்ணுல வசியம்னு வீடியோ போடறாங்க, எனக்கு நிஜமாவே கோபம் வருது. விஷயம் ஜெர்மனியோட 1919 அரசியல் சட்டத்துல இருக்கு.

அதுல 48ஆம் பிரிவுப்படி நாட்டுக்கு ஆபத்துன்னா பிரசிடெண்ட் அவசரச் சட்டம் போடலாம், அடிப்படை உரிமைகளைக்கூட நிறுத்தி வைக்கலாம். பார்லிமெண்ட் வேணாம்னு சொன்னா அந்தச் சட்டம் ரத்து. சரியான பிரேக்குதானே? ஆனா 25ஆம் பிரிவுப்படி பிரசிடெண்ட் பார்லிமெண்ட்டையே கலைக்கலாம். தனித்தனியா பாத்தா ரெண்டும் நியாயம், ரெண்டையும் சேத்துப் பாருங்க. 1930 ஜூலைல சான்சலர் ப்ரூனிங்கோட பட்ஜெட் திட்டத்தை பார்லிமெண்ட் தள்ளிடுச்சு, உடனே அவசரச் சட்டமா போட்டாங்க, பார்லிமெண்ட் அதையும் ரத்து பண்ணுச்சு, பிரசிடெண்ட் ஹிண்டன்பர்க் பார்லிமெண்ட்டை கலைச்சுட்டு அதே சட்டத்தை திரும்பப் போட்டாரு! பிரேக் புடிச்ச ஆளையே வண்டிலேர்ந்து இறக்கி விட்டாச்சு. அதனால வந்த எலக்‌ஷன்லதான் நாஜிகள் 12 சீட்லேர்ந்து 107க்கு போனாங்க.

இதுல இன்னொரு சிக்கல் சேருது, என்னை ரொம்ப யோசிக்க வச்சது இதுதான். 1932 ஜூலை எலக்‌ஷன்ல மொத்தம் 608 சீட்டு, நாஜி 230, கம்யூனிஸ்ட் 89, கூட்டினா 319, பாதிக்கு மேல. தெருவுல அடிச்சுக்கிட்டு சாகுற ரெண்டு கட்சி, சேந்து ஆள முடியவே முடியாது, ஆனா யார் ஆண்டாலும் கவுக்க முடியும். அப்போ பிரசிடெண்ட் கையெழுத்துலதான் ஆட்சி ஓடும். 1930ல பார்லிமெண்ட் 98 சட்டம் போட்டுச்சு, அவசரச் சட்டம் 5தான். 1931ல 34க்கு 44. 1932ல பார்லிமெண்ட் போட்டது வெறும் 5, அவசரச் சட்டம் அறுபதுக்கு குறையாது. ஹிட்லர் வர்றதுக்கு முன்னாடியே இப்படி!

இதுக்கப்புறம் நடந்ததெல்லாம் வேகமா நடந்துச்சு. 1933 ஜனவரி 30, ஹிண்டன்பர்க் ஹிட்லரை சான்சலர் ஆக்குனாரு; கேபினட்ல அவனோட சேத்து நாஜிகள் மூணே பேரு, மத்தவங்க அடக்கி வச்சுக்கலாம்னு நெனச்சாங்க. பிப்ரவரி 27 ராத்திரி பார்லிமெண்ட் கட்டடம் எரிஞ்சுது, மறுநாளே அதே 48ஆம் பிரிவுல பேச்சுரிமை, பத்திரிகை சுதந்திரம், கூட்டம் போடற உரிமை எல்லாம் காலி. கம்யூனிஸ்ட் எம்.பி.க்கள் ஜெயில்ல, இல்ல தலைமறைவு. மார்ச் 23ல, பார்லிமெண்ட் இல்லாமலே கேபினட் சட்டம் போடலாம்னு 444க்கு 94 ஓட்டுல பாஸாச்சு. அந்த 94ம் சமூக ஜனநாயகக் கட்சிக்காரங்க, வாசல்லயும் ஹால்லயும் அடியாள் படை நிக்க எதிர்த்து ஓட்டு போட்டாங்க.

இந்த மாதிரி விதிகள் எங்க உடையும்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்கும் பணம் ஒதுக்கணும், பாலம் இடியுமான்னு பாக்கறதுக்கு ஒதுக்கற மாதிரியே.

1949ல மேற்கு ஜெர்மனி புதுசா சட்டம் எழுதுனப்ப அந்த 319 கணக்கை மறக்கல. சான்சலரை சும்மா கவுக்க முடியாது, அடுத்தவர் யாருன்னு மெஜாரிட்டியோட அதே ஓட்டுல தேர்ந்தெடுத்தாதான் பழையவர் போவாரு. அப்படி ஆள் மாறினது ஒரே தடவை, 1982ல ஷ்மிட் போய் கோல் வந்தாரு.