வயலையும் குளத்தையும் மூடினால் எங்கே முறையிடுவது?

யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான் உண்டு, அதுவும் மாரியில் மட்டும் ஓடும். கிணற்றுத் தண்ணீர் என்பது சுண்ணக்கல்லுக்குள் உப்புநீருக்கு மேலே மிதக்கிற மழைநீர். ஐப்பசி முதல் மார்கழி வரை விழுகிற மழை வயலிலும் குளத்திலும் தங்கி இறங்காவிட்டால் கோடையில் கிணறு உவர்க்கும். மண் போட்டு மூடுகிற வேலையை நிறுத்தச் சட்டம் இருக்கிறது. எந்தச் சட்டம், எந்த அலுவலகம் என்பது காணியின் வகையைப் பொறுத்தது.

வயல் என்றால் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம். கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்பவோ அதில் கட்டடம் எழுப்பவோ முடியாது. சொந்தக் காணி என்றாலும் இதே விதிதான். பிரதேச சபையின் கட்டட அனுமதி கையில் இருந்தாலும் இது தனியாக வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

முறைப்பாட்டை அந்த இடத்துக்குரிய கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். காணியின் பெயர், எத்தனை பரப்பு, எல்லைக் காணிகள், மண் கொட்டத் தொடங்கிய திகதி, டிப்பர் இலக்கம், திகதி தெரியும் படங்கள் எல்லாம் இருக்கட்டும். வாய்க்கால் அடைபட்டு அயல் வயலில் வெள்ளம் நின்றால் அதையும் எழுதுங்கள். கமக்காரர் அமைப்பின் கடிதம் சேர்ந்தால் பலம் கூடும். காணி உறுதியில் ‘தோட்டம்’ என்றிருக்கும், நிலையத்தின் விவசாயக் காணிப் பதிவேட்டில் ‘வயல்’ என்றிருக்கும். ஆகவே பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். பிரதிகள் பிரதேச செயலருக்கும் சபைக்கும் போகட்டும். முதல் லோட் மண் விழுந்த அன்றே போவது நல்லது. கூரை போட்ட பிறகு போனால் வழக்கு இழுபடும்.

குளத்தில் சிக்கல் வேறு. ஆரியகுளம் மாநகர சபையின் பொறுப்பில், வயலுக்கு நீர் கொடுக்கும் சிறுகுளங்கள் பெரும்பாலும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில், கேணிகள் பல கோயில்களுடையவை. யாருடையது என்று தெரியாமல் கொடுத்த கடிதம் அலுவலகம் அலுவலகமாக அலையும். வேலி ஆண்டுக்கு ஓரடி உள்ளே நகர்வதால், பழைய நில அளவை வரைபடம் இல்லாமல் எதையும் நிறுவ முடியாது. அரச காணி, தரவை (திறந்த புல்வெளி) என்றால் பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போங்கள். அரச காணியை மீளப்பெறுவதற்கான 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டப்படி, காணியைப் பிடித்தவருக்கு அதிகாரிகள் வெளியேறும் அறிவித்தல் கொடுத்து, கேளாவிட்டால் நீதவான் நீதிமன்றம் போகலாம்.

கடலோரத்தில், சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து உள்நோக்கி 300 மீற்றருக்குள் அபிவிருத்தி வேலை செய்ய, கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். களப்பின் (கடலேரியின்) ஓரத்தில் கணக்கு வேறு, திணைக்களத்திடமே கேளுங்கள்.

துண்டு பிரித்து விற்கும் காணி வாங்குவோர் இன்னொன்றும் பார்க்கவேண்டும். நகர அபிவிருத்தி அதிகாரசபை விதிகள் பொருந்தும் இடத்தில், 1 ஹெக்டேயருக்கு (ஏறத்தாழ 40 பரப்பு) மேற்பட்ட காணியைப் பிரித்தால், வீதி நீங்கலாக 10 வீதம் பொதுவெளியாக விடவேண்டும். வரைபடத்தில் அந்தத் துண்டு எங்கே, சபைக்கு எழுதிக் கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். எழுதாமல் விட்ட ‘பூங்கா’ பின்னாளில் விலைக்கு வரும்.

பதிலே வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அதே அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் அனுமதியின் பிரதியைக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். ‘அப்படி அனுமதி ஏதும் இல்லை’ என்று எழுத்தில் வந்தால், அதையும் முறைப்பாட்டோடு இணைத்துவிடுங்கள்.