கோடிங் டெஸ்ட் வந்ததா? ஓட்டிப் பார்ப்பதற்கு முன் இதை வாசியுங்கள்

நேற்றிரவு 11 மணிக்கு ஏறாவூரிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். "அண்ணா, வேலைக்கு ஒரு டெஸ்ட் செஞ்சன். இப்ப ஈமெயிலுக்குள்ளயே போக ஏலாம இருக்கு." வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து 7 மாதமாக வேலை தேடுகிறவர். இந்த வருடம் எனக்கு வந்த நாலாவது அழைப்பு இது.

நாலு பேருக்கும் நடந்தது ஒன்றுதான். வெளிநாட்டு நிறுவனம், ரியாக்டில் வலைப்பக்கம் கட்டும் வேலை, சம்பளம் டொலரில். "எங்கள் புரொஜெக்டை இறக்கி ஓட்டிப் பாருங்கள், லொகின் பக்கத்தில் உள்ள பிழையை 2 மணி நேரத்துக்குள் திருத்தி அனுப்புங்கள்." தம்பி சரியாகத்தான் திருத்தியிருக்கிறார், நான் பார்த்தேன். ஆனால் அதற்குள் பிரவுசரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்ட் எல்லாம் போய்விட்டது.

பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் யூனிட் 42 ஆய்வாளர்கள் 2023 நவம்பரிலேயே இந்த மோசடியை 'கன்டேஜியஸ் இன்டர்வியூ' என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். வட கொரியாவோடு தொடர்புடைய குழுக்கள் என்றும் சொன்னார்கள். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் நம் பிள்ளைகள் மாட்டுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அது வெறும் கோட்தானே அண்ணா, இஎக்ஸ்இ ஃபைல் இல்லையே." நாலு பேரும் இதையேதான் சொன்னார்கள். தயவுசெய்து இந்த நினைப்பை விடுங்கள். வலைப்பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டை பிரவுசர் கட்டிப்போட்டு வைத்திருக்கும், உண்மைதான். ஆனால் புரொஜெக்டுக்குத் தேவையான பேக்கேஜ்களை இறக்கும் 'என்பிஎம் இன்ஸ்டால்' கட்டளை பிரவுசரில் ஓடுவதில்லை, ஜாவாஸ்கிரிப்டை நேரே உங்கள் கணினியில் ஓட்டும் நோடில் ஓடுகிறது. உங்களால் திறக்க முடிந்த எந்தக் கோப்பையும் நோடால் திறக்க முடியும், வெளியே அனுப்பவும் முடியும். அந்தப் பேக்கேஜ்களின் பட்டியல் இருக்கும் பேக்கேஜ் ஜேசன் கோப்பில் 'போஸ்ட்இன்ஸ்டால்' என்று ஒரு வரி இருந்தால் போதும், இன்ஸ்டால் கொடுத்ததும் அதுவும் ஓடிவிடும். 'இக்னோர் ஸ்கிரிப்ட்ஸ்' போட்டு அதைத் தடுத்தாலும் வீட் என்ற கருவியின் கொன்ஃபிக் கோப்பு இருக்கிறது, புரொஜெக்டை ஓட்டிப் பார்க்க டெவ் சேர்வரைத் தொடங்கினால் அதுவும் நோடில்தான் ஓடும். ஃப்ரன்ட் எண்ட், அதாவது பயனர் பார்க்கும் பக்கத்தைக் கட்டும் வேலை என்பதால் எதுவும் பிரவுசரைத் தாண்டாது என்று யார் உங்களுக்குச் சொன்னது? அன்டிவைரஸும் பல நேரம் பேசாமல்தான் இருக்கும். நோட் நீங்களே நிறுவியது, ஓடச் சொன்னதும் நீங்கள்தான்.

நானும் ஆள் எடுப்பதற்கு டெஸ்ட் கொடுக்கிறவன். ஒரு டிசைனைக் கொடுத்து பக்கம் கட்டச் சொல்வேன். ஃபோன் திரையில் உடைகிறதா, கீபோர்டால் மட்டும் இயக்க முடிகிறதா, பட்டியல் வரத் தாமதித்தால் பயனருக்கு என்ன தெரிகிறது என்று பார்ப்பேன். "ஸ்டாக்பிளிட்ஸில் செய்து அனுப்பவா?" என்று, பிரவுசருக்குள்ளேயே கோடை ஓட்டும் அந்தத் தளத்தின் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் எனக்கு ஒரு தடையும் இல்லை. மோசடிக்காரர் அதற்குச் சம்மதிக்க மாட்டார். உங்கள் கணினியில் ஓடினால்தான் அவருக்கு வேலை ஆகும். அதனால் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள்.

இறக்குவதற்கு முன், கோட் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் பக்கத்திலேயே பேக்கேஜ் ஜேசனையும் கொன்ஃபிக் கோப்புகளையும் வாசியுங்கள். வலப் பக்கமாகவும் நகர்த்திப் பாருங்கள், நூற்றுக்கணக்கான இடைவெளிகளுக்குப் பின்னால் ஒரு வரியை ஒளித்து வைப்பார்கள். இந்தக் கோப்புறையை எழுதியவரை நம்புகிறீர்களா என்று கோட் எழுதும் மென்பொருளான விஎஸ் கோட் கேட்டால் 'இல்லை' என்று கொடுங்கள். பலர் வாசிக்காமலே 'ஆம்' கொடுத்துவிடுகிறார்கள்! ஓட்டியே ஆக வேண்டுமென்றால் கிட்ஹப்பின் இணையக் கணினியான கோட்ஸ்பேசஸிலோ, உங்கள் கணினிக்குள் தனியாக இயங்கும் வேர்ச்சுவல் மெஷினிலோ ஓட்டுங்கள். பிரவுசரில் பாஸ்வேர்ட் சேமிப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்களா? உடனே இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு ஃபோனிலிருந்து முதலில் ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். பாஸ்வேர்ட் கேட்காமலே உள்ளே விடும் குக்கீயையும் எடுத்திருப்பார்கள், பாஸ்வேர்ட் மாற்றுவது மட்டும் போதாது. அப்புறம் வங்கிக்குச் சொல்லுங்கள், கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கு (CERT) அறிவியுங்கள், கணினியை முழுதாக அழித்து மீண்டும் நிறுவுங்கள்.

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளே, 2 மணி நேரம்தான் என்று அவர்கள் அவசரப்படுத்துவது நீங்கள் யாரிடமும் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான். கேட்க வெட்கப்படாதீர்கள். ஓட்டுவதற்கு முன் லிங்கை எனக்கு அனுப்புங்கள், இரவு 11 மணி ஆனாலும் பார்த்துச் சொல்கிறேன்.