தடைக்காலத்தில் எழுதிய கையேடு ஜூன் 15-இல் ஏன் படுத்துவிடுகிறது?

மண்டபத்தில் ஒரு நண்டுக் கம்பெனி. பெயர் வேண்டாம். போன வாரம் அங்கிருந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே முடிவு செய்தேன், இனியும் இதை எழுதாமல் இருக்கக் கூடாது என்று. நிறுவனங்களின் வேலைமுறைகளைச் சீர்செய்வது என் தொழில். தொண்டி முதல் கீழக்கரை வரை எங்கே போனாலும் இதே காட்சிதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வரத்து குறைவதால் நிர்வாகிக்கு நேரம் கிடைக்கிறது. அறைக்குள் உட்கார்ந்து புதிய நடைமுறைக் கையேடு எழுதுகிறார். படகுகள் மறுபடி கடலுக்குப் போய், கூடை கூடையாக வரத்து இறங்கும் அதே வாரத்தில் முழுக் கையேட்டையும் ஒரே நாளில் அமலுக்குக் கொண்டுவருகிறார். கை ஓயாத நாட்களில், யாரும் ஒருமுறைகூட எழுதிப் பார்க்காத பதினான்கு படிவங்கள்! இந்தக் கம்பெனியில், 'அஜைல் முறையில் உருவாக்கப்பட்டது' என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். அஜைல் என்றால், சிறு சிறு படியாகச் செய்து பார்த்துத் திருத்திக்கொண்டே போகும் வேலைமுறை.

எந்த வகையில் அஜைல் என்று கேட்டேன். தினமும் காலையில் நின்றுகொண்டே கூட்டம் நடத்துகிறோம் என்றார்கள்.

நிற்பதால் எதுவும் அஜைல் ஆகிவிடாது. இதை எத்தனை இடத்தில்தான் சொல்வது? அந்தத் தினசரிக் கூட்டம், அஜைல் வகைகளில் ஒன்றான ஸ்கிரம் முறையிலிருந்து வந்தது. ஸ்கிரம் வழிகாட்டியில் நிற்க வேண்டும் என்ற விதியே கிடையாது. 15 நிமிடத்துக்கு மிகக் கூடாது என்றுதான் இருக்கிறது. வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் பேசி, அன்றைய வேலையைத் திருத்தி அமைத்துக்கொள்வதற்கான நேரம் அது. மேலதிகாரிக்குக் கணக்கு ஒப்பிக்கும் நேரம் அல்ல. நான் பார்த்த கூட்டம் நாற்பது நிமிடம் நடந்தது. மேற்பார்வையாளர் முந்தைய நாள் தவறுகளை வாசித்தார். சதை பிரிக்கும் பெண்கள் தலையைக் குனிந்து நின்றார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. அந்த நாற்பது நிமிடம் அவர்கள் கைக்காசு.

இன்னொரு சாராரும் உண்டு: அஜைல் என்றால் நடைமுறையே வேண்டாம் என்பவர்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி எழுதிய அஜைல் அறிக்கை, நடைமுறைகளையும் கருவிகளையும் விட மனிதர்களையும் அவர்களுக்கிடையிலான உறவாடலையும் மேலாக மதிக்கிறோம் என்றது. நடைமுறைக்கும் மதிப்பு உண்டு என்று அதே அறிக்கை ஒப்புக்கொள்கிறது. அதன் 12 கோட்பாடுகளில் கடைசியானதுதான் நமக்கு வேண்டியது: குழு குறிப்பிட்ட இடைவெளியில் தன் வேலைமுறையைத் தானே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். திருத்துகிறவர்கள் குழுவினர். அறைக்குள் இருப்பவர் மட்டும் அல்ல.

அந்தக் கம்பெனியின் வெப்பநிலைப் பதிவேட்டைப் புரட்டினேன். காலை முதல் மாலை வரை மணிக்கு மணி 3.0, 3.0, 3.0. ஒரே பேனா, ஒரே சாய்வு; மாலையில் ஒரே மூச்சில் நிரப்பியது. பொய் எழுதுகிறார்கள் என்று கோபப்பட்டார் நிர்வாகி. நான் பொதி மேசைக்குப் போய், ஒரு அம்மாவிடம் என் எதிரில் எழுதிக் காட்டச் சொன்னேன். கையுறையைக் கழற்ற வேண்டும், கையைத் துடைக்க வேண்டும், ஐஸ் நீர் பட்டு ஊறிய தாளில் பேனா பிடிக்காது, பிறகு கையைக் கழுவிப் புதுக் கையுறை மாட்ட வேண்டும். "எழுதினால் சதை காத்துக்கிடக்கும் தம்பி, எது முக்கியம்?" என்று கேட்டார். தடைக்காலம் முழுக்க எழுதிய கையேட்டில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

மறுநாள் அந்த ஒரு மேசைக்கு மட்டும், குளிர்அறைக் கதவருகே ஒரு பிளாஸ்டிக் பலகை மாட்டினோம். சதையைத் தொடாத, பெட்டி தூக்கும் பையன் மணிக்கொரு முறை மெழுகுப் பென்சிலால் எழுதுவான். மூன்றாம் நாள், பலகை உயரமாக இருக்கிறது என்றான், இறக்கினோம். வார முடிவில் எண்கள் ஏறி இறங்கின. 4.9 என்று ஒரு மதியம் பதிவாகியிருந்தது. கதவின் ரப்பர் கிழிந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சோதித்துப் பார்க்கலாம் என்பதற்காக உணவுப் பாதுகாப்பு வரம்புகளில் கை வைக்காதீர்கள். 4.4 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றால் தாண்டக் கூடாதுதான். யார், எதில், எப்போது பதிவது என்பதை மாற்றிப் பாருங்கள். பதிவு முறை மாறினால், தரப் பொறுப்பாளரின் ஒப்புதலோடு ஹசாப் (உணவில் வரக்கூடிய ஆபத்துகளை முன்கூட்டியே கண்டு கட்டுப்படுத்தும் முறை) ஆவணத்திலும் அன்றே மாற்றி எழுதுங்கள். ஏற்றுமதி ஆய்வுக்கு வருபவரிடம் 'நாங்கள் அஜைல்' என்பது பதிலாகாது.

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அந்த மேசையில் வேலை செய்கிறவர்களுடன் உட்காருங்கள், நின்றாலும் சரி. அந்த அரை மணிக்கும் கூலி கொடுங்கள், கொடுக்காமல் கருத்துக் கேட்காதீர்கள். முதலாளி ஐயாக்களே, முதல் இரண்டு கூட்டங்களில் தயவுசெய்து நீங்கள் பேசாதீர்கள். மூன்றாவதில் அவர்களே பேசத் தொடங்குவார்கள்.

அடுத்த தடைக்காலத்திலும் கையேடு எழுதத்தான் போகிறீர்கள் என்றால், எழுதிய முதல் பக்கத்தை அன்று மாலையே கீழே எடுத்துப் போங்கள். நாட்டுப்படகு நண்டு அப்போதும் கொஞ்சம் வந்துகொண்டுதான் இருக்கும். ஒரு மேசை, ஒரு பக்கம், ஐந்து நாள். ஈரக் கையோடு அதை அவர்கள் செய்து காட்டிய பிறகு இரண்டாம் பக்கத்தை எழுதுங்கள்.