பேரழிவா, பேரழிப்பா?

சாமுவேல் பாக் என்ற யூத ஓவியரைப் பற்றித் தமிழில் வந்த குறிப்பு ஒன்றில், “யூதப் பேரழிவில் தன் குடும்பத்தைப் பலிகொடுத்தவர்” என்று இருந்தது. நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஹோலோகாஸ்டுக்குப் ‘பேரழிவு’, அதில் மாண்டவர்களுக்குப் ‘பலி’. இந்த இரண்டு சொல்லையும் எத்தனையோ இடத்தில் பார்த்தாகிவிட்டது. இரண்டுமே தவறு.

முதலில் ஹோலோகாஸ்ட் என்ற சொல்லின் வேர். கிரேக்கத்தில் ‘ஹோலோஸ்’ என்றால் முழுதும், ‘காவ்ஸ்டோஸ்’ என்றால் எரிந்தது. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், பலிப்பிராணியின் இறைச்சியில் யாருக்கும் பங்கில்லாமல் முழுதையும் எரித்துப் படைக்கும் ‘ஓலா’ என்ற பலிக்கு இந்த வேரிலிருந்துதான் சொல் எடுத்தார்கள். நம் பழைய பைபிளில் அது ‘சர்வாங்க தகனபலி’, கத்தோலிக்கர் பயன்படுத்தும் பெயர்ப்பில் ‘எரிபலி’. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நாஜிகள் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றதற்கு இதே சொல் ஆங்கிலத்தில் பெயராக நிலைத்தது.

அதனால் ‘பலி’ என்பது வேருக்குப் பொருத்தம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். பொருந்தக் கூடாது என்பதுதான் விஷயம். பலி என்றால் தெய்வத்துக்குப் படைப்பது. திருமுருகாற்றுப்படையில் குருதி கலந்த வெள்ளரிசியை முருகனுக்குப் பலியாக இடுகிறார்கள். அங்கே அது சரியான சொல். வில்னா (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) நகரத்து யூதர்களை ஊருக்கு வெளியே போனாரி காட்டுக்குக் கொண்டுபோய்க் குழியோரம் நிறுத்திச் சுட்டார்கள். பாக்கின் தாத்தா பாட்டிகள் நால்வரும் அங்கேதான் மடிந்தார்கள். யார் யாருக்குப் படைத்தது அது? இந்தக் காரணத்துக்காகவே யூதர்களில் பலர் ஹோலோகாஸ்ட் என்ற சொல்லை விட்டுவிட்டு ‘ஷோவா’ என்கிறார்கள். அவர்களே வேண்டாம் என்று ஒதுக்கிய பொருளைத் தமிழில் நாம் ஏன் தேடிப்போய் ஒட்டவைக்க வேண்டும்? பேருந்து கவிழ்ந்தால் ‘மூவர் பலி’, மின்னல் தாக்கினால் ‘இருவர் பலி’ என்று எழுதிப் பழகிய கை, இங்கும் அதையே எழுதிவிடுகிறது. தலைப்பில் இடம் மிச்சமாகிறது என்பதைத் தவிர அந்தச் சொல்லுக்கு ஒரு நியாயமும் இல்லை.

‘பேரழிவு’க்காக வாதாடுவோரிடம் இதைவிட வலுவான வாதம் இருக்கிறது. ஷோவா என்பதற்கு எபிரேயத்தில் பாழ், பேரழிவு என்றுதான் பொருள். செப்பனியா, ஏசாயா நூல்களிலேயே வருகிறது. அகராதிப்படி சரி. ஆனால் இன்று ‘ஹ-ஷோவா’ (அந்த ஷோவா) என்றால் எபிரேயம் பேசுபவருக்கு வேறெதுவும் நினைவுக்கு வராது. தமிழில் பேரழிவு என்றால் சுனாமியும் புயலும் பூகம்பமும் கூடவே வருகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது. அழிவு தன்வினையிலிருந்து வருவது: அழிந்தது, அழிவு. அழிப்பு பிறவினையிலிருந்து வருவது: அழித்தான், அழிப்பு. எழுத்தில் சிறு வித்தியாசம்தான். ஆனால் ‘அழிவு’ என்றதும் செய்தவன் வாக்கியத்தைவிட்டு வெளியே போய்விடுகிறான். 1944 ஜூலையில், சோவியத் செம்படை வில்னாவைப் பிடிப்பதற்குச் சில நாள் முன்பு, பாக்கின் தந்தையைச் சுட்டுக் கொன்றார்கள். பையனை முன்னதாகவே முகாமிலிருந்து சாக்கில் மறைத்து வெளியேற்றியவர் அவர். அவருக்கு நேர்ந்ததை அழிவு என்று சொன்னால், சுட்ட கையை மறைக்கிறோம்.

‘இனப்படுகொலை’ நல்ல சொல், செய்தவனை விடுவதில்லை. ஆனால் அது ரஃபேல் லெம்கின் என்ற சட்ட அறிஞர் 1944-இல் ஆங்கிலத்தில் அச்சேற்றிய ‘ஜெனோசைடு’ என்ற பொதுச்சொல்லுக்கு உரியது. அர்மேனியாவுக்கும் ருவாண்டாவுக்கும் அதுவே வரும். இங்கே வேண்டியது தனிப்பெயர். ‘யூதப் பேரழிப்பு’ என்று எழுதலாம். முதல் தடவை வரும்போது ‘ஷோவா எனப்படும் யூதப் பேரழிப்பு’ என்று சொல்லிவிட்டால் குழப்பம் வராது. மாண்டவர்களைக் ‘கொல்லப்பட்டவர்கள்’ என்றே எழுதலாம்.

கலையைப் பற்றிய குறிப்பில் இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்கலாம். பாக் தன் ஒன்பதாவது வயதில், யூதர்களை அடைத்துவைத்த பகுதியான வில்னா கெட்டோவுக்குள்ளேயே ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தவர். பின்னாளில் அவர் வரைந்த படங்களில், மோசே பெற்ற பத்துக் கட்டளைகளின் கற்பலகைகள் உடைந்து கிடக்கும். சில்லுகளைக் கயிறும் ஆணியும் மரத்துண்டும் கொண்டு திரும்பச் சேர்க்க முயன்றிருப்பார்கள். ஒட்டு அப்பட்டமாகத் தெரியும். அவர் படங்களில் நம்பிக்கை என்று ஏதாவது இருந்தால் அந்த ஒட்டில்தான் இருக்கிறது. அந்தப் பலகைகளில் சிலவற்றில் 6 என்ற எண் தனியே நிற்கும். அறுபது லட்சத்தை ஆறு மில்லியன் என்று எண்ணுவது மேலை நாட்டார் வழக்கம், அதை அந்த எண் நினைவூட்டும். கூடவே, யூதர்களின் வரிசைப்படி ஆறாம் கட்டளையையும்: ‘கொலை செய்யாதிருப்பாயாக’.